ஹெச்.டி.க்குள் ஒளிந்திருக்கும் பழைய டிவி

*கோடு கோடாகப் படம் வரைந்த அனலாக் காலம் முடிந்துவிட்டது. அது போட்டுவைத்த கணக்குகள் இன்னும் முடியவில்லை.*

கல்யாண மண்டபத்தில் மேடைக்கு எதிரே நிற்கும் வீடியோகிராபரின் கேமரா மெனுவைப் பார்த்திருக்கிறீர்களா? 4கே படம் பிடிக்கும் நவீன கேமராவாக இருக்கும். ஆனாலும் அதன் அமைப்புகளுக்குள் பெரும்பாலும் ஒரு பழைய கேள்வி உட்கார்ந்திருக்கும்: ‘பால்’ முறையா, ‘என்டிஎஸ்சி’ முறையா? இரண்டும் அனலாக் தொலைக்காட்சியின் ஒளிபரப்புத் தரங்கள். முதலாவது 1960களில் ஜெர்மனியில் பிறந்தது. இரண்டாவதன் வண்ணத் தரத்துக்கு அமெரிக்கா 1953இல் அங்கீகாரம் கொடுத்தது. இன்றைய கேமரா அந்த இரண்டு சிக்னல்களில் எதையும் உண்டாக்குவதில்லை. மெமரி கார்டில் எண்களை எழுதுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு ஏன் அந்தக் கேள்வி?

உண்மையில் கேமரா கேட்பது, நொடிக்கு 25 அல்லது 50 படம் வேண்டுமா, 30 அல்லது 60 படம் வேண்டுமா என்பதைத்தான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. என்டிஎஸ்சியைத் தேர்ந்தெடுத்து, ஷட்டரையும் அதன் போக்கில் விட்டுவிட்டால், மணமக்கள் முகத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் மெதுவாக ஊர்ந்துபோகும். அனுபவமுள்ள வீடியோகிராபர்கள் யாரும் சொல்லாமலே பால் முறையில் வைத்துவிடுவார்கள்.

ஹெச்.டி. வந்ததும் பழையது செத்துவிட்டது என்றுதான் விளம்பரங்கள் சொல்லின. நடந்தது அப்படியல்ல. அனலாக்கை ஹெச்.டி. வென்ற இடங்களில் முக்கியமானவற்றை நாம் கவனிப்பதே இல்லை. தோற்ற இடங்களும் ஒன்றிரண்டு உண்டு. தன் எலும்புக்கூட்டையோ அது அனலாக்கிடமிருந்துதான் வாங்கிக்கொண்டது. இதைப் புரிந்துகொண்டால் டிவி கடையில் எதைக் கேட்பது, பரணில் கிடக்கும் பழைய வீடியோ கேசட்டை என்ன செய்வது என்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

மின்கம்பியிலிருந்து வந்த எண்

பழைய பெட்டி டிவியின் படக்குழாயில் ஓர் எலெக்ட்ரான் கற்றை திரையின் இடமிருந்து வலமாக ஓடி ஒரு கோடு வரையும். பிறகு கீழே இறங்கி அடுத்த கோடு. இப்படி 625 கோடுகள் சேர்ந்தால் ஒரு முழுப் படம். நொடிக்கு 25 படங்கள் என்பது கணக்கு. ஆனால் நொடிக்கு 25 முறை மட்டும் ஒளிரும் திரை கண்ணைக் கூசவைக்கும். 50 முழுப் படம் அனுப்பவோ அலைவரிசையில் இடம் போதாது. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்து இரட்டைப்படைக் கோடுகள் என்று படத்தை இரண்டு அரைப்படங்களாக அனுப்பினார்கள். நொடிக்கு 50 அரைப்படங்கள். துடிப்பு குறைந்தது, இடமும் மிச்சமானது. இதுதான் ‘இன்டர்லேஸ்’. கணினி யுகத்துக்கு முன்பே வந்த வீடியோ சுருக்கமுறை என்று இதைச் சொல்லலாம்.

ஏன் சரியாக 50? ஐரோப்பாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால். அந்தக் காலத்து டிவி பெட்டிகளில் மின்சாரத்தின் இரைச்சல் படத்துக்குள்ளும் கொஞ்சம் கசியும். படமும் மின்சாரமும் ஒரே வேகத்தில் துடித்தால் அந்தக் கறை ஒரே இடத்தில் நிற்கும், கண் அதைப் பொருட்படுத்தாது. வேகம் மாறினால் திரையில் மேலும் கீழுமாக நகரும். அமெரிக்காவின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே நொடிக்கு 60 அரைப்படங்கள், 525 கோடுகள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு கண்டங்களும் ஒரே அளவுதான் செலவழித்திருக்கின்றன. 625ஐ 25ஆல் பெருக்கினால் நொடிக்கு 15,625 கோடு. 525ஐ 30ஆல் பெருக்கினால் 15,750. ஐரோப்பா கோட்டைக் கூட்டிப் படத்தைக் குறைத்தது. அமெரிக்கா படத்தைக் கூட்டிக் கோட்டைக் குறைத்தது. இதில் வேடிக்கை ஜப்பான். அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. இருந்தும் நாடு முழுக்க அமெரிக்க முறைதான்.

வரையும் 625 கோடுகளும் படமாக வருவதில்லை. கற்றை கீழிருந்து மேலே திரும்பிப் போகும் நேரத்துக்குக் கொஞ்சம் போய்விடும். மிஞ்சுவது 576. அமெரிக்க முறையில் 480.

இந்தியா இந்த 625 கோட்டுக் குடும்பத்தில் சேர்ந்தது. 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பு. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னை நிலையம். கதவு வைத்த மரப்பெட்டிக்குள் சாலிடேர், டயனோரா டிவிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது இந்தத் தரத்தோடுதான். இலங்கையும் அதே குடும்பம். 1982 பிப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினியின் நிகழ்ச்சிகளைத் தென்மாவட்டக் கடலோர வீடுகள் உயரமான ஆன்டெனா கட்டிப் பிடித்ததற்கு இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையில் நின்ற டிரான்ஸ்மிட்டர் ஒரு காரணம். இரண்டு நாட்டுப் பெட்டிகளும் ஒரே தரம் பேசின என்பது இன்னொரு காரணம். கடல் குறுக்கே நின்றது. தரம் நிற்கவில்லை.

ஃபுட்போர்டில் ஏறிய வண்ணம்

தொலைக்காட்சியின் அலைவரிசை அகலம் கறுப்பு வெள்ளைக்காகவே ஒதுக்கப்பட்டது. நம் முறையில் படத்துக்கு 5 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 4.2. வண்ணம் வந்தபோது எல்லா சீட்டும் நிரம்பியிருந்தது. ஏற்கெனவே விற்ற கறுப்பு வெள்ளைப் பெட்டிகளையும் தூக்கிப் போட முடியாது. அதனால் வண்ணம் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு பயணம் செய்தது. படச் சிக்னலுக்குள்ளேயே துணை அலை ஒன்றில் வண்ணத் தகவலை ஏற்றி அனுப்பினார்கள்.

அமெரிக்க முறையில் அந்தத் துணை அலையின் கட்டம் (ஃபேஸ்) சற்றே பிசகினாலும் நிறம் மாறிவிடும். முகம் பச்சையடிக்கும், இல்லை ஊதா பூக்கும். அதனால் அங்கே டிவியில் நிறத்தைத் திருத்துவதற்கென்றே ஒரு திருகு வைத்தார்கள். ஒலி அலையோடு வண்ண அலை மோதிப் படத்தில் கோலம் போடாமல் இருக்க, நொடிக்கு 30 படத்தை 29.97 ஆகக் குறைக்கவும் வேண்டிவந்தது.

ஹானோவரில் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் புரூஹ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வண்ணத் தகவலின் ஒரு பகுதியை ஒரு கோடு விட்டு ஒரு கோடு தலைகீழாகத் திருப்பி அனுப்பினால், வழியில் நேரும் பிழையும் அடுத்தடுத்த கோடுகளில் எதிரெதிர்த் திசையில் விழும். இரண்டையும் சராசரி எடுத்தால் பிழை கழிந்துபோகும். நிறம் மாறாது, கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். இதுதான் பால் முறை. 1967 ஆகஸ்ட் 25 அன்று பெர்லின் கண்காட்சியில் அன்றைய துணைச் சான்சலர் வில்லி பிராண்ட் சிவப்புப் பொத்தானை அழுத்தி மேற்கு ஜெர்மனியின் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தார். பொத்தான் வெறும் பொம்மை. அவர் அதை முழுதாக அழுத்துவதற்குள் திரையில் வண்ணம் வந்துவிட்டது.

பிரான்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஆன்றி து ஃபிரான்ஸ் உருவாக்கிய செக்காம் முறையைப் பிடித்துக்கொண்டது. சோவியத் யூனியன் பக்கபலமாக நின்றது. 1965இல் வியன்னாவிலும் 1966இல் ஆஸ்லோவிலும் பேசிப் பார்த்தார்கள். ஒரே ஐரோப்பியத் தரம் அமையவில்லை. பொறியியல் கேள்விக்கு அரசியல் பதில் சொன்னது. உலக வரைபடம் மூன்று நிறமாகப் பிரிந்தது.

இந்தியா பால் முறையைத் தேர்ந்தது. 1982 சுதந்திர தினத்தன்று வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டுகள்.

இந்த மூன்று முறைச் சண்டையின் கூலியைப் புலம்பெயர்ந்த தமிழர்களும் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ எடுத்த கல்யாண வீடியோ கேசட்டை டொரொன்டோவுக்கு அனுப்பினால், அங்கே இருக்கும் என்டிஎஸ்சி டெக்கில் ஓடாது. காசு கொடுத்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் மல்டி சிஸ்டம் டெக் வாங்க வேண்டும். பாரிஸில் செக்காம் மட்டுமே தெரிந்த டெக்கில் போட்டால் படம் வரும், வண்ணம் வராது. கூறைச் சேலை சாம்பல் நிறத்தில் தெரியும். லண்டனிலும் பால் முறைதான். ஆனால் அங்கே ஒளிபரப்பில் ஒலி வேறு அலைவெண்ணில் வந்ததால், நம் ஊர் டிவியைக் கொண்டுபோனால் படம் பேசாது.

நான்கு முறை வந்த ‘உயர் துல்லியம்’

ஹெச்.டி. என்ற பட்டத்தை முதலில் வாங்கியது 1080 கோடு அல்ல. 1930களின் நடுவில் பிரிட்டனில் அரசு அமைத்த செல்ஸ்டன் குழு, குறைந்தது 240 கோடு இருந்தால் அது ‘உயர் துல்லியம்’ என்று வகுத்தது. 1936 நவம்பர் 2 அன்று பிபிசி லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியபோது தொலைக்காட்சி முன்னோடி ஜான் லோகி பேர்டின் 240 கோட்டு முறையும் மார்கோனி-இஎம்ஐயின் 405 கோட்டு முறையும் மாறிமாறி ஓடின. சில மாதங்களில் பேர்ட் தோற்றார். அன்றைய ஹெச்.டி. 405 கோடு.

இரண்டாவது முயற்சி பிரான்ஸ். 1940களின் இறுதியில் அது 819 கோட்டுக் கறுப்பு வெள்ளை ஒளிபரப்பில் இறங்கியது. ஒரு சேனலுக்கே 14 மெகாஹெர்ட்ஸ் தின்ற முறை அது. படம் அழகு. ஆனால் அந்த அகலத்தில் எத்தனை சேனல்தான் ஓட்ட முடியும்? 1980களில் அதுவும் மூடப்பட்டது.

மூன்றாவது ஜப்பான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு அந்நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே ஆராய்ச்சியைத் தொடங்கியது. கோட்டைக் கூட்டுவது மட்டுமல்ல அவர்கள் நோக்கம். பார்வையாளர் திரைக்கு அருகே உட்கார்ந்து, படம் கண்ணின் பார்வைப் பரப்பில் முப்பது பாகையை நிறைக்க வேண்டும். சினிமாத் தியேட்டர் தரும் உணர்வு வீட்டில் வர வேண்டும். அதற்குத் தேவைப்பட்டது 1125 கோடு. அதை மியூஸ் என்ற முறையில் சுருக்கி செயற்கைக்கோளில் ஏற்றினார்கள். 1991 நவம்பர் 25 அன்று நாள்தோறும் எட்டு மணி நேர ஒளிபரப்பு தொடங்கியது. பதினொன்றாம் மாதம், இருபத்தைந்தாம் தேதி. 1125 என்ற எண்ணுக்காகவே அந்த நாள். ஐரோப்பா போட்டிக்கு 1250 கோட்டு ஹெச்டி-மேக் முறையை எடுத்துவந்து 1992 பார்சலோனா ஒலிம்பிக்ஸில் காட்டியது. சீக்கிரமே கைவிட்டது.

இந்த மூன்று முயற்சியும் அனலாக். பின்னிரண்டும் தோற்றதற்குக் காரணம் படத்தின் தரமல்ல, இடம். தகவலைக் கூட்டக் கூட்ட அலைவரிசை வீங்கிக்கொண்டே போனது.

கிண்டியில் படித்தவரும் ஒரு கணிதமும்

நான்காவது முயற்சியைக் காப்பாற்றியது 1974 ஜனவரியில் வெளியான சில பக்கக் கட்டுரை. எழுதியவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர். ராவ். படத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டாக எழுதும் கணிதம் அது. அப்படி எழுதியபின், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத நுண் அலைகளைத் துணிந்து தூக்கிப் போடலாம். அகமது முன்னதாக இந்த யோசனையோடு ஆய்வு நிதி கேட்டபோது அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை மறுத்துவிட்டது.

பிறகு வந்த ஜேபெக் படங்களும் எம்பெக் வீடியோவும் இந்தக் கணிதத்தின் மேல்தான் எழுந்தன. 1990 ஜூனில் அமெரிக்காவின் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம், முழுக்க டிஜிட்டலாகவே ஹெச்.டி.யை அனுப்ப முடியும் என்று முன்மொழிந்தது. 6 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்குள், அதாவது பழைய என்டிஎஸ்சி உட்கார்ந்திருந்த அதே இடத்துக்குள். அன்றோடு அனலாக் ஹெச்.டி.யின் எதிர்காலம் முடிந்துவிட்டது. போட்டியாளர்கள் 1993இல் ஒன்று சேர்ந்தார்கள், 1996இல் தரம் ஏற்கப்பட்டது, 2009 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் அனலாக்கை அணைத்தன. ஜப்பான் 2011இல், பிரிட்டன் 2012இல்.

இந்தியாவில் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிகள் தூர்தர்ஷனை ஹெச்.டி.க்குள் கொண்டுவந்தன. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களின் கேபிளை 2012க்குள் டிஜிட்டலாக்க உத்தரவு வந்தது. தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் முக்கியமான ஐம்பது இடங்களை மட்டும் விட்டு, மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் மூடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது.

---

எண்களில் ஒரு பார்வை

*பால்:* 625 கோடு (தெரிவது 576), நொடிக்கு 50 அரைப்படம், 4:3 திரை.

*என்டிஎஸ்சி:* 525 கோடு (தெரிவது 480), நொடிக்கு 59.94 அரைப்படம், 4:3 திரை.

*செக்காம்:* கோடும் வேகமும் பால் போலவே. வண்ணம் அனுப்பும் வழி வேறு.

*ஹெச்.டி.:* 1280×720 அல்லது 1920×1080 புள்ளிகள், 16:9 திரை.

*டிஜிட்டலில் மாற்றினால்:* பால் படம் 720×576, மொத்தம் 4,14,720 புள்ளிகள். என்டிஎஸ்சி 720×480, மொத்தம் 3,45,600. முழு ஹெச்.டி. 20,73,600. பாலைவிடச் சரியாக ஐந்து மடங்கு, என்டிஎஸ்சியைவிடச் சரியாக ஆறு மடங்கு.

---

வென்ற இடம், தோற்ற இடம்

புள்ளிக் கணக்கில் ஐந்து மடங்கு என்பது பெரிய சேதிதான். ஆனால் அதைவிடப் பெரிய வெற்றி வண்ணத்தில் கிடைத்தது.

பால் ஒளிபரப்பில் வண்ணத்துக்குக் கிடைத்த அகலம் 1.3 மெகாஹெர்ட்ஸ் மட்டும். திரையின் குறுக்கே நிறம் சுமார் 135 முறைதான் மாற முடியும். வீட்டு விஹெச்எஸ் கேசட்டில் அது ஐம்பதைச் சுற்றித்தான். அதனால்தான் பழைய கல்யாண வீடியோவில் அரக்குச் சேலையின் சிவப்பு கரையைத் தாண்டி வழிந்து பக்கத்தில் நிற்பவர் வேட்டியிலும் ஏறியிருக்கும். ஒளிபரப்பாகும் ஹெச்.டி.யில் நிறத்துக்கு 960 புள்ளிகள் உண்டு. பிரகாசத்துக்குக் கொடுப்பதில் பாதிதான். ஆனாலும் கேசட்டைவிடக் கிட்டத்தட்ட இருபது மடங்கு.

இன்னொரு தொல்லையும் ஒழிந்தது. பால் சிக்னலில் வண்ணமும் நுண்கோடுகளும் ஒரே இடத்தைப் பங்குபோட்டதால், சிறு கட்டம் போட்ட சட்டையோ நெருக்கமான கோடு போட்ட சேலையோ திரையில் வந்தால் டிவி அதை நிறம் என்று தவறாகப் படித்தது. சட்டையில் வானவில் ஓடியது இதனால்தான். செய்தி வாசிப்பவர்கள் இப்படிப்பட்ட துணிகளைத் தவிர்த்தார்கள். ஹெச்.டி.யில் வண்ணம் தனி வழியில் போகிறது, குழப்பத்துக்கு இடமில்லை.

சினிமாவுக்கும் லாபம். 2.35 அகலத்தில் எடுத்த சினிமாஸ்கோப் படத்தை முழுதாகக் காட்டினால் பழைய 4:3 திரையில் அதற்குக் கிடைப்பது சுமார் 327 கோடு. மேலும் கீழும் கறுப்புப் பட்டை. இல்லையென்றால் இரண்டு பக்கத்தையும் வெட்டுவார்கள், பேசுகிறவர் இருப்பார், கேட்கிறவர் காணாமல் போவார். 16:9 ஹெச்.டி. திரையில் அதே படம் 817 கோடு பெறுகிறது.

தோற்ற இடத்துக்கு வருவோம். அனலாக் சிக்னல் பலவீனமானால் படம் படிப்படியாகத்தான் கெடும். புள்ளி புள்ளியாக இரையும், நிழல் விழும், ஆனாலும் பந்து எங்கே போகிறது என்று தெரியும். மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழிருந்து இன்னொருவர் ‘போதும், போதும்’ என்று கத்தினால் சரியாகிவிடும். டிஜிட்டலில் இந்த நடுநிலை கிடையாது. ஓர் அளவுவரை பளிங்கு மாதிரி இருக்கும். அதற்குக் கீழே போனால் சதுரம் சதுரமாக உடைந்து உறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். அந்தச் சதுரங்கள் வேறெதுவுமல்ல, மேலே சொன்ன கணிதம் படத்தைப் பிரித்த கட்டங்கள்.

நேரமும் போகிறது. ஆன்டெனா அனலாக் ஒளிபரப்பில் தாமதம் என்பது இல்லாத குறை. இன்று சுருக்கி, ஏற்றி, இறக்கி, விரித்துக் காட்டுவதற்குள் சில நொடிகள் ஓடிவிடுகின்றன. பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்த சத்தம் கேட்டபின் நம் வீட்டில் பவுலர் ஓடிவருவது இதனால்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஹெச்.டி. என்ற முத்திரை தரத்துக்கு உத்தரவாதமல்ல. ஸ்டுடியோவுக்குள் ஹெச்.டி. சிக்னல் நொடிக்கு 1.485 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. வீட்டுக்கு வரும்போது அது நூறில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியிருக்கும். நிதானமாகப் பேசும் காட்சியில் இது தெரியாது. கோயில் திருவிழாக் கூட்டம், வாணவேடிக்கை, அலையடிக்கும் கடல் என்று திரை முழுக்க அசையும்போது, பிட் போதாமல் படம் சேறாகிவிடும். அனலாக்கில் ஒரு சேனலுக்கான அலைவரிசை அகலத்தைச் சட்டம் நிர்ணயித்தது. டிஜிட்டலில் ஒரு சேனலுக்கு எத்தனை பிட் கொடுப்பது என்பதை வியாபாரக் கணக்கு நிர்ணயிக்கிறது.

எலும்புக்கூடு பழையதுதான்

இப்போது அந்தக் கேமரா மெனுவுக்கான முழு விடை. இந்தியாவின் ஹெச்.டி. சேனல்கள் பொதுவாக அனுப்புவது 1080 கோட்டை இன்டர்லேஸ் முறையில், நொடிக்கு 50 அரைப்படங்களாக. எலெக்ட்ரான் கற்றை போய்விட்டது. ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கோடுகளைப் பிரித்து அனுப்ப இன்று எந்தத் தட்டைத் திரையும் கேட்கவில்லை. வந்த அரைப்படங்களை ஒட்டி முழுப் படமாக்க டிவிக்குள் தனியாக ஒரு சிப் மெனக்கெடுகிறது. கிரிக்கெட் பந்து வேகமாகப் போகும்போது அதன் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி தெரிந்தால், ஒட்டுவேலை சரியில்லை என்று பொருள்.

அமெரிக்க ஹெச்.டி. இன்னும் 59.94இல் ஓடுகிறது. 1953இல் ஒலியும் வண்ணமும் மோதாமல் இருக்கச் செய்த அந்தச் சிறு குறைப்பு, மோதுவதற்கு எதுவும் இல்லாத டிஜிட்டலிலும் தொடர்கிறது. 1080 கோட்டு ஸ்டுடியோ சிக்னலில் மறைந்திருக்கும் கோடுகளையும் சேர்த்து எண்ணினால் 1125 வரும். அது என்ஹெச்கேயின் அனலாக் எண். தோற்றுப்போன முறை வென்ற முறைக்குள் எலும்பாக இருக்கிறது.

காரணம் எளிது. நூலகங்களில் லட்சக்கணக்கான மணி நேரம் பழைய படம் இருக்கிறது. வேகத்தை மாற்றினால் அத்தனையையும் மாற்ற வேண்டும். நொடிக்கு 24 படமாக எடுத்த சினிமாவை 25ஆக ஓட்டுவதும் இப்படிப்பட்ட ஒரு சமரசம்தான். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடிந்துவிடும். பாட்டின் சுருதி முக்கால் அரைச்சுரம் போல ஏறிவிடும். டிவியில் கேட்டே பாட்டுப் பழகிய தலைமுறைக்குத் தியேட்டரில் கேட்டது கொஞ்சம் தாழ்ந்ததாகத் தோன்றியிருந்தால் அது பிரமையல்ல.

பத்தடி தூரத்தில் எத்தனை கோடு?

2006 முதல் தமிழ்நாடு அரசு 14 அங்குல வண்ண டிவிகளை இலவசமாகக் கொடுத்தது. மொத்தம் ஒன்றரைக் கோடிக்கும் மேல். எல்லாம் படக்குழாய் பெட்டிகள். அப்போது ஜப்பான் அனலாக் ஹெச்.டி.யையே மூட்டைகட்டிக்கொண்டிருந்தது. காலம் கடந்த பெட்டி என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் கண்ணின் கணக்கு வேறு.

நல்ல பார்வை உள்ளவரின் கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். 14 அங்குலத் திரையின் உயரம் சுமார் 20 சென்டிமீட்டர். பத்தடி தள்ளி உட்கார்ந்தால் அதில் கண்ணுக்குப் பிரிந்து தெரிவது 230 கோடுதான். 576 கோட்டுப் படமே அங்கே மிகுதி. அந்தப் பெட்டியில் ஹெச்.டி. ஓடியிருந்தாலும் ஒருவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இதே கணக்கை இன்றைய 43 அங்குல டிவிக்குப் போடுங்கள். பத்தடியில் தெரிவது சுமார் 600 கோடு. 1080ஐயும் முழுதாகப் பார்க்க ஐந்தரை அடிக்கு வர வேண்டும். நம் வீட்டு ஹாலில் சோபா சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. அந்தத் தூரத்தில் 4கேக்குக் கூடுதல் காசு கொடுப்பவர் வாங்குவது பெரும்பாலும் பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை.

அதற்காக இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. இன்டர்லேஸின் அசைவாலும் குழாயின் மங்கலாலும் பால் முறையின் 576 கோட்டில் நடைமுறையில் பயன்படுவது 400 சொச்சம். தவிர, படக்குழாய் குறைகளை மென்மையாக்கி மூடியது. தட்டைத் திரை ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. எஸ்.டி. (சாதாரணத் துல்லிய) சேனல் புது டிவியில் பழைய டிவியைவிட மோசமாகத் தெரிவது இதனால்தான்.

டிவிக்குப் பின்னால் போய் ஒருமுறை பாருங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்கள் வருகின்றனவா? அப்படியானால் மஞ்சள் வயரில் ஓடுவது அனலாக் பால் சிக்னல். ஐம்பதாயிரம் ரூபாய் டிவியில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வால்டர் புரூஹின் 1960களின் கண்டுபிடிப்பை. ஹெச்.டி. பாக்ஸும் ஹெச்.டி.எம்.ஐ. கேபிளும் போட்ட பிறகுதான் அந்த டிவி ஹெச்.டி. டிவி.

பரணில் இருக்கும் கேசட்

‘கர்ணன்’ 1964இல் வந்த படம். டிஜிட்டலில் புதுப்பித்து 2012இல் மறுபடியும் தியேட்டரில் ஓட்டினார்கள், கூட்டம் வந்தது. 1990களின் தொலைக்காட்சித் தொடர் எதையாவது இணையத்தில் தேடிப் பாருங்கள், மங்கலாகத்தான் இருக்கும். முப்பது ஆண்டு இளையது எப்படிப் பழையதைவிடக் கெட்டது? 35 எம்.எம். ஃபிலிமில் 576 கோட்டைவிடப் பல மடங்கு தகவல் இருக்கிறது. நெகட்டிவ் பிழைத்திருந்தால் எந்தக் காலத்துத் தரத்துக்கும் அதை மறுபடி ஸ்கேன் செய்யலாம். தொடர்கள் பெரும்பாலும் எடுக்கப்பட்டது வீடியோ டேப்பில். பிறக்கும்போதே 576 கோடு. அதற்குமேல் அதில் எதுவும் இல்லை. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் கூட்டிக் காட்டும் விவரம், கற்பனையில் வரைந்தது.

எழுபதுகளின் நடுவிலிருந்து ஹெச்.டி. வரும்வரை நம் செய்தி, நேர்காணல், நாடகம், கச்சேரி, கல்யாணம் எல்லாம் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் பதிவாகியிருக்கின்றன. டேப்பின் மேல் பூச்சு உதிர்கிறது. நம் கடலோர ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கிறது. ஓட்டிப் பார்க்கவும் டெக் கிடைப்பது அரிதாகிவிட்டது. விஹெச்எஸ் டெக் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனை 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது.

அதனால் வீட்டில் கேசட் இருந்தால் இந்த ஆண்டே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, படத்தை 4:3 ஆகவே வையுங்கள். 16:9க்கு இழுத்தால் தாத்தா குண்டாகத் தெரிவார், துல்லியம் ஒரு புள்ளியும் கூடாது. இரண்டு, நொடிக்கு 50 அரைப்படங்களையும் 50 முழுப் படங்களாக (‘புரோகிரஸிவ்’) மாற்றச் சொல்லுங்கள். பல கடைகளில் 25 ஆக்கித் தருகிறார்கள். அசைவில் பாதி போய்விடுகிறது. மூன்று, அதிகம் சுருக்காத ஒரு பிரதியை ஹார்ட் டிஸ்க்கில் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேறொன்று போதும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “நாலுக்கு மூணு அளவுல, அம்பது ஃப்ரேம் புரோகிரஸிவா கொடுப்பீங்களா?” கொடுப்போம் என்றால் கேசட்டைக் கொடுங்கள். “சார், நாங்க ஃபுல் ஹெச்.டி.யிலயே மாத்தித் தர்றோம்” என்று பதில் வந்தால், கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடையைப் பாருங்கள்.